பிடித்துத் தைத்த கால்சட்டை

மூன்று வாரமாக விறைத்துக் கிடந்த புகையிலைக்கு அன்றைக்குத்தான் பதம் வந்தது. வெட்டிக் கழியில் குத்திக் கொட்டகையில் தலைகீழாகத் தொங்கவிட்ட செடி, காய்ந்த பிறகு தொட்டால் தூளாகக் கொட்டிவிடும். ஓடையிலிருந்து மூடுபனி ஏறிவந்து, பலகை இடுக்கு வழியாக நுழைந்து, ஒரு பொழுது தங்கிவிட்டுப் போக வேண்டும். அப்போதுதான் இலை குழந்தையின் காதுமடல் போல மெத்தென்று ஆகும். அந்தப் பதமும் வெயில் அடிக்கிறவரைதான். அதனால் ராக்லிக் ஓடைக்கரையில் அன்றைக்கு யாரும் வேறு வேலை வைத்துக்கொள்ளவில்லை. போட்டது போட்டபடி கிடக்க, வீட்டுக்கு வீடு கொட்டகைக்குள் நுழைந்துவிட்டார்கள்.

டெல்ஃபா மண் படிந்த அடியிலைகளைக் கழித்துத் தனியே போட்டாள். அவள் நாத்தனார் ஹெஸ்டர் நடு இலைகளைக் கிள்ளி, கைப்பிடி கைப்பிடியாகச் சேர்த்து, ஓர் இலையாலேயே கழுத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். இருவர் விரல்களிலும் பிசின் ஏறிக் கறுத்திருந்தது. நூலில் கோத்துக் காயவைத்த அவரையைப் பன்றிக்கொழுப்புத் துண்டு போட்டு டெல்ஃபா காலையிலேயே அடுப்பில் ஏற்றிவிட்டு வந்திருந்தாள். அது சாயங்காலம்வரை தன்பாட்டுக்கு வேகும்.

ஹெஸ்டருக்குக் கை வேலை செய்தால் வாயும் வேலை செய்ய வேண்டும். எந்தத் தேவாலயச் சபையிலும் சேராதவள். கணவன் போனபிறகு யாருக்கும் பயப்படுவதில்லை.

"நாளைக்குப் பள்ளிக்கூடத்துல உன் புருஷன் கச்சேரி. வர்றியா இல்லையா?"

"நாங்க போறதில்லன்னு தெரியும்ல அக்கா."

"உங்க சபைக்காரங்க பாதிப்பேரு ஜன்னலுக்கு வெளிய நிப்பாங்கடி. உள்ள வந்தாத்தான் பாவம். வெளிய நின்னா காத்து வாங்குறது."

டெல்ஃபா சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. அவளுடைய சபையில் கித்தார், பியானோ எதற்கும் இடமில்லை. தேவனுக்குத் தொண்டை போதும் என்பது அவர்கள் கட்சி. ஆர்லிஸைக் கட்டிக்கொண்டபோதே சபையில் முணுமுணுத்தார்கள். அவன் வாசிப்பதை அவள் ரேடியோவில் மட்டும் கேட்டிருக்கிறாள். விடியற்காலையில், மாவு பிசைகிற நேரத்தில், மாவு விற்கிறவர்களின் விளம்பரத்துக்கு நடுவே ஒரு பாட்டு. அதையும் கேட்கிறேன் என்று அவள் சொல்லிக்கொண்டதில்லை.

"ஊரே அவனைப் பாத்தாச்சு. நீ ஒருத்திதான் பாக்கல," என்றாள் ஹெஸ்டர். பிறகு ஏனோ அவளாகவே பேச்சை மாற்றி, இலையின் நிறத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.

டெல்ஃபாவுக்கு இந்த முறை போக வேண்டும் போலத்தான் இருந்தது. காரணம் இருந்தது. குழுவை நடத்துகிற ராய்ஸ் கௌடில் திங்கட்கிழமை மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய ரேடியோ நிலையத்துக்கு வாசித்துக் காட்டப் போகிறான். பிடித்துப்போனால் குழு அங்கேயே தங்கிவிடும். ஆனால் யாரை அழைத்துப்போவது, யாரை விட்டுவிடுவது என்பதை வெள்ளிக்கிழமை ஆட்டம் முடிந்து சொல்கிறேன் என்றிருக்கிறான். ஆர்லிஸை விட்டுவிட்டால் அவனுக்கு மிச்சம் இருக்கிறது நிலக்கரிச் சுரங்கம்தான். டெல்ஃபாவின் தம்பி அந்தச் சுரங்கத்துக்குள் போய்த் திரும்பி வராதவன். ஆர்லிஸின் இடது கையும் அங்கே கூரைக்கல் விழுந்து நசுங்கியதுதான்.

அந்தக் கையில் மூன்று விரல்கள் மடங்காது. மடங்காத விரலை வைத்துக்கொண்டு கித்தார்த் தந்தியை அழுத்த முடியுமா? ஆறு மாதம் அடுப்பங்கரையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவனிடம்தான், வீடு வீடாகப் போய் வாத்தியம் விற்கிற ஒருவன், வயிற்றில் அலுமினியக் கிண்ணம் பதித்த ஒரு கித்தாரைத் தள்ளிவிட்டுப் போனான். அதை நிமிர்த்திப் பிடிக்கக் கூடாது. மடியில் மல்லாக்கப் போட்டு, தந்தியின்மேல் ஓர் இரும்புத் துண்டை வழுக்கவிட வேண்டும். விரல் மடங்க வேண்டிய அவசியமே இல்லை. சுரங்கத் தள்ளுவண்டியின் கழன்ற அச்சாணியைத் தேய்த்து அவன் இரும்பு செய்துகொண்டான்.

மற்றவர்கள் அந்த வாத்தியத்தில் தூக்கம் வருகிறமாதிரி இழைத்துக்கொண்டிருந்தார்கள். ஆர்லிஸுக்கு அது போதவில்லை. பாஞ்சோக்காரன் மூன்று விரலில் கொட்டுகிற வேகத்தோடு கூடவே ஓட வேண்டும் என்று அவனுக்கு வெறி. சோளக் குதிருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இரும்பைச் சட்டென்று தூக்கி, வெறும் தந்தியைப் பேசவிட்டு, மறுபடி வைத்து, மறுபடி தூக்கி, அப்படியே ஒரு குளிர்காலம் போயிற்று. நத்தை மாதிரி ஊர்ந்துகொண்டிருந்த இரும்பு வெட்டுக்கிளி மாதிரித் தாவ ஆரம்பித்தது. இன்றைக்கு அந்தக் கித்தாரை எடுக்கிற பிள்ளைகள் எல்லாருமே அப்படித்தான் வாசிக்கிறார்கள். அன்றைக்கு அந்த மலையில் அது ஒருவனுக்குத்தான் தெரியும். அது பெரிய விஷயம் என்று அவனுக்கும் தெரியாது.

ராய்ஸ் அவனைச் சேர்த்துக்கொண்டபோது என்ன பேசினான் என்பதை ஆர்லிஸ் வீட்டில் சொன்னதில்லை.

அன்று வியாழன். மத்தியானம் வெயில் ஏறிப் பதம் போனதும் ஆர்லிஸ் சோள மூட்டையைத் தூக்கிக்கொண்டு மாவு மில்லுக்குப் போனான். சட்டையைத் துவைத்துக் காயப்போடலாம் என்று டெல்ஃபா அவனுடைய பெட்டியைத் திறந்தாள். சட்டைக்கு அடியில் ஒரு கால்சட்டை இருந்தது. விரித்துப் பார்த்தாள். அவனைப்போல இரண்டு பேர் உள்ளே நிற்கலாம். ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை. இடுப்பில் பட்டைக்குப் பதிலாகக் கயிறு. கூடவே ஒரு ஜோடி பூட்ஸ், முன்பக்கம் தவளை வாய் மாதிரிப் பிளந்து கிடந்தது. காகிதத்தில் பொதிந்து ஒரு துண்டுக் கறுப்பு மெழுகு.

யாரோ தடியன் கழித்துப் போட்டதை ராய்ஸ் இவனுக்குக் கொடுத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். ரேடியோவில் தந்தியை அப்படிப் பேசவைக்கிறவன் ஊர் ஊராக இதைக் கட்டிக்கொண்டா நிற்கிறான்? வீட்டில் ஊசியும் நூலும் இருந்தும் வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லையே.

அவள் அழுகிற ரகமில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து தையலைப் பிரித்தாள். அவனுடைய ஞாயிற்றுக்கிழமைக் கால்சட்டையை மேலே வைத்து அளவு பார்த்து, மிச்சத் துணியை வெட்டியெடுத்து, இடுப்பைப் பிடித்து, இரண்டு காலையும் ஒரே உயரத்துக்கு மடித்து அடித்தாள். துணி கனம், நூல் சிக்கியது. பெட்டியில் இருந்த கறுப்பு மெழுகை எடுத்து நூலில் உருவிவிட்டாள். நல்ல மெழுகு, வழுக்கிக்கொண்டு போயிற்று; துண்டு முழுக்கத் தீர்ந்தது. பூட்ஸுக்கு ஆணி அடித்துக் கொழுப்புத் தடவித் தேய்த்தாள். எல்லாவற்றையும் மடித்து, இருந்த இடத்திலேயே வைத்துப் பெட்டியை மூடினாள்.

அவன் மாவு மூட்டையோடு வந்ததும் அவரையும் சோளரொட்டியும் வைத்தாள். மோர் ஊற்றினாள். தைத்ததைச் சொல்லவில்லை. ஓர் ஆண்பிள்ளை மறைத்து வைத்த குறையைப் பார்த்துவிட்டேன் என்று அந்தப் பக்கத்துப் பெண்கள் சொல்ல மாட்டார்கள். சரிசெய்துவிட்டுச் சும்மா இருப்பார்கள்.

"நாளைக்கு நான் வரலாம்னு இருக்கேன்," என்று மட்டும் சொன்னாள்.

அவன் ரொட்டியைப் பிட்ட கை அப்படியே நின்றது.

"உங்க சபையில ஏதாச்சும் சொல்லுவாங்க."

"சொல்லட்டும்."

"வேணாம் டெல்ஃபா. கூட்டம் நெறைய இருக்கும். அடுப்புப் புகை வேற."

அவன் கண் அவளைப் பார்க்கவில்லை. சபைக்காகப் பயப்படுகிறான் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் உட்கார இடமில்லை. நிலக்கரி அடுப்பைச் சுற்றிப் பிள்ளைகள் தரையில் அப்பிக்கொண்டிருந்தார்கள். ஹெஸ்டர் இடித்துப் பிடித்துக் கடைசி பெஞ்சில் இரண்டு பேருக்கு இடம் பிடித்தாள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்ததால் ஜன்னலுக்கு அப்பால் நிற்கிற சபைக்காரர்களின் தொப்பிகள் தெரிந்தன. சபையை நடத்துகிற ஹைரம் ஸ்லோன் பிரதர் தன்னுடைய பழைய டிரக்கைச் சரியாக ஜன்னலுக்குக் கீழே நிறுத்தி, அந்தக் குளிரிலும் கண்ணாடியை இறக்கிவிட்டு, யாருக்கோ காத்திருப்பவர் மாதிரி நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிடில், மாண்டலின், பாஞ்சோ, ஆளுயரப் பெரிய பிடில் என்று நாலு பேர் வந்து வாசித்தார்கள். ஆர்லிஸைக் காணோம். பிறகு ராய்ஸ் மைக்குக்கு முன்னால் வந்து காதில் கைவைத்தான்.

"யாரோ வர்ற மாதிரி இருக்கே, பிள்ளைங்களா?"

"பூசணி மாமா," என்று பிள்ளைகள் கத்திய கத்தலில் அடுப்பு மூடி அதிர்ந்தது.

"யாரு அக்கா அது?" என்று டெல்ஃபா கேட்டாள்.

ஹெஸ்டர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் பேசாம இருக்கேன்னு நெனச்சேன்டி," என்றாள். "நெசமாவே தெரியாதா?"

ஆர்லிஸ் வந்தான். கித்தார் கழுத்தில் மல்லாக்கத் தொங்கியது. கால்சட்டை இடுப்பில் கச்சிதமாக நின்றது. இரண்டு காலும் பூட்ஸைத் தொட்டு, ஒரே அளவில் விழுந்தன. பூட்ஸ் பளபளத்தது. வழக்கமாகப் பல்லில் பூசிக்கொள்கிற கறுப்பும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குப் புறப்பட்டவன்போல இருந்தான்.

ஒரு கணம் கூட்டம் விழித்தது. பிறகு கூரை கிழிகிற மாதிரிச் சிரித்தது. பூசணி மாமா இன்றைக்குக் கனவான் வேஷம் போட்டு வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் தரையில் உருண்டார்கள்.

ராய்ஸுக்குத் திகைப்பு. வழக்கமான ஆட்டத்தில் அவன் கயிற்றை இழுப்பான், கால்சட்டை தரைக்கு இறங்கும், அங்கே ஆரம்பிக்கும் சிரிப்பு. இப்போது கயிறே இல்லை. ஆனால் பழம்தின்று கொட்டை போட்டவன், விடவில்லை.

"என்ன மாமா, பொணத்துக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு? யாரு தச்சது?"

இந்த இடத்தில் கோமாளி ஏதாவது கோணலாகச் சொல்ல வேண்டும். ஆர்லிஸ் கூட்டத்தின் கடைசிவரை பார்த்தான். டெல்ஃபாவைப் பார்த்தான்.

"என் வீட்டுக்காரி," என்றான்.

அதற்குத்தான் மிகப்பெரிய சிரிப்பு. முன்வரிசையில் ஒருவருக்கு இருமல் வந்து முதுகில் தட்ட வேண்டியதாயிற்று.

டெல்ஃபாவுக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. பெரிய கால்சட்டை, பிளந்த பூட்ஸ், பல்லுக்குப் பூசுகிற மெழுகு. அவன் கோமாளி. கித்தாரை வாசிக்கவிடுவதற்காகக் கோமாளி வேலையை ஒத்துக்கொண்டிருக்கிறான். அவனுடைய பிழைப்பைத்தான் அவள் வெட்டித் தைத்திருக்கிறாள். எழுந்து போய்விடலாம் என்று பார்த்தாள், வழியெல்லாம் ஆட்கள் அடைத்து நின்றார்கள்.

ஆர்லிஸ் வழக்கமாக ஏறிக் குதிக்கிற நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். கித்தாரை மடியில் கிடத்தினான். ராய்ஸ் பக்கவாட்டில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு, "குதிடா, குதி," என்றது முன்வரிசைக்கே கேட்டது. ஆர்லிஸ் இரும்பைத் தந்தியில் வைத்து, ஒரு பாட்டின் ஒரே ஓர் அடியை வாசித்தான்.

அது சபைப் பாட்டு. அந்த மலைச் சபைகளில் பாட்டுப் புத்தகம் எல்லார் கையிலும் இருக்காது. பெரியவர் ஒருவர் ஓர் அடியைக் கடகடவென்று ஓதிக்கொடுத்து நிறுத்துவார். கூட்டம் அதை வாங்கி, ஒவ்வோர் எழுத்தையும் இழுத்து, நெளித்து, மலைச்சரிவில் வண்டி இறங்குகிறமாதிரிப் பாடும். மறுபடி அடுத்த அடி. ஆர்லிஸ் வாசித்தது பெரியவர் ஓதுகிற அடி. அதிலும் ஹைரம் பிரதரின் தொண்டை அச்சாக அப்படியே. நடுவில் கரகரத்து உடைகிற இடம்கூடத் தவறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் டெல்ஃபாவைச் சபையில் விட்டுவிட்டு வெளியே மரத்தடியில் காத்திருந்தவன், எங்கேயிருந்து அந்த வழுக்கலைக் கற்றுக்கொண்டான் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

அடி முடிந்தது. பெரியவர் நிறுத்துகிற இடத்தில் அவனும் நிறுத்தினான்.

சிரிப்பு மறுபடி கிளம்பியது. சபையைக் கேலி பண்ணுகிறான் என்று எடுத்துக்கொண்டார்கள். ஜன்னலில் ஒரு தொப்பி அசைந்தது. டிரக்கின் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. சபையைக் கேலி பண்ணினவன் ராக்லிக் ஓடையில் குடியிருக்க முடியாது. குழு, சுரங்கம் எல்லாம் அப்புறம்.

ஆர்லிஸ் இரும்பைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தான்.

டெல்ஃபா துணிந்து பாடினாள் என்று பின்னால் ஊரில் சொன்னார்கள். துணிச்சல் ஒன்றுமில்லை. அடி கொடுத்தால் வாங்க வேண்டும்; பிறந்ததிலிருந்து அந்தச் சபையில் வளர்ந்தவளுக்குக் கொடுத்த அடியை அந்தரத்தில் விட்டுவைக்கத் தெரியாது. வாய் தானாகத் திறந்தது.

"கரை காணா வெள்ளத்தில் நான் நிற்கிறேன், கர்த்தாவே…"

ஒற்றைக் குரல். சிரித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முடிக்கும்வரை ஆர்லிஸ் தந்தியைத் தொடவில்லை. பிறகு இரண்டாவது அடியைக் கொடுத்தான். இந்த முறை ஹெஸ்டர், எந்தச் சபையிலும் சேராதவள், சிறுவயதுப் பழக்கத்தில் கூடச் சேர்ந்துகொண்டாள். மூன்றாவது அடி ஜன்னலுக்கு வெளியேயிருந்து வந்தது; காற்று வாங்க நின்றவர்கள் பாடினார்கள். கடைசி அடியில் எல்லாருக்கும் பின்னால், எல்லாரையும்விடத் தாழ்வாக, டிரக்குப் பக்கம் நின்ற ஒரு தொண்டை கரகரத்து உடைந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கை தட்டுகிறதா வேண்டாமா என்று கூட்டத்துக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் பூசணி மாமா எங்கே என்று கேட்டார்கள்.

ஆட்டம் கலைந்ததும் முற்றத்தில் ராய்ஸ் காரின்மேல் அந்தப் பெரிய பிடிலைக் கட்டிக்கொண்டே பேசினான். கத்தவில்லை. அவன் கத்துகிறவன் இல்லை.

"சனங்க மூக்கைச் சிந்திக்கிட்டுப் போகுது ஆர்லிஸ். அழுதுட்டுப் போறவன் அடுத்த வாரம் வருவானா? உன்னைச் சேத்தப்பவே சொன்னேன்ல. எனக்கு ஒரு கோமாளி வேணும், கித்தாரை வேணும்னா கூடக் கொண்டான்னு."

"சொன்ன."

"இந்தாம்மா, அந்தத் தையலைப் பிரிச்சு விட்டுருங்க. பழையபடி ஆக்கிருங்க."

"பிரிக்க முடியாது," என்றாள் டெல்ஃபா. "மிச்சத் துணிய வெட்டிட்டேன். அவரு வேலைச் சட்டைக்கு முழங்கையில ஒட்டுப் போட்டுட்டேன்."

பிடில்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான்.

"சரி விடு. வேற கால்சட்டை வாங்கிக்கலாம்," என்றான் ராய்ஸ்.

"அப்ப வேற ஆளையும் சேத்து வாங்கிக்க," என்றான் ஆர்லிஸ். சொன்னபிறகுதான் சொன்னது அவனுக்கே தெரிந்த மாதிரி இருந்தது.

ராய்ஸ் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டான். "திங்கக்கிழமை விடியக்காலம் பாலத்து வழியாத்தான் போவோம். நிறுத்தணும்னு தோணுச்சுன்னா நிறுத்துறேன்," என்றான்.

மறுநாள் சனிக்கிழமை சபையின் காரியக்கூட்டம். உடன்பிறப்புகளுக்குள் ஏதாவது குறை உண்டா என்று ஹைரம் பிரதர் வழக்கப்படி கேட்டார். வாத்தியத்தோடு சேர்ந்து பாடியது பெரிய குறை. யாராவது அதைச் சொன்னால் டெல்ஃபா எழுந்து நின்று மன்னிப்புச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். அவள் தயாராகத்தான் போயிருந்தாள். ஆனால் குறை சொல்கிறவன் முதலில் நான் அங்கே இருந்தேன் என்று சொல்ல வேண்டுமே. ஆண்கள் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பெண்கள் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்தார்கள். ஹைரம் பிரதர் தன் பூட்ஸையே வெகுநேரம் பார்த்துவிட்டு, குறை ஒன்றும் இல்லை என்று முடித்தார்.

அன்று மாலையே ஆர்லிஸ் சுரங்கத்து மேஸ்திரியைப் பார்த்துவிட்டு வந்தான். மேஸ்திரி திங்கட்கிழமை வண்டி ஏறச் சொல்லியிருந்தான்.

சுரங்கத்துக்கு ஆள் ஏற்றுகிற டிரக்கும் அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். திங்கட்கிழமை விடிகிறபோது ஆர்லிஸ் வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கித்தார்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பாலத்தில் போய் நின்றான். சுரங்கத்துக்குக் கொண்டுபோகிற சாப்பாட்டு வாளியை டெல்ஃபா எடுத்துவந்தாள். எது முதலில் வருகிறதோ அதில் ஏறுவது என்பது அவன் கணக்கு.

முதலில் டிரக் வந்தது. பின்னால் முகம் தெரியாத ஆட்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏறு ஆர்லிஸ். பெட்டியில என்ன, பொண்டாட்டி நகையா?" என்று ஒருவன் கேட்டான்.

ஆர்லிஸ் பெட்டியைக் கீழே வைத்தான். வாளிக்காகக் கையை நீட்டினான்.

டெல்ஃபா வாளியைக் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இழுத்தால் அவளும் சேர்ந்து வருவாள் என்று தெரிந்தது. வண்டியோட்டி ஒரு நிமிஷம் பார்த்தான். வாளி இல்லாமல் யாரும் சுரங்கத்துக்குள் போவதில்லை. கையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தான்.

"இப்ப அவன் வரலைன்னா?" என்றான் ஆர்லிஸ்.

"வரலைன்னா வரலை. உக்காந்து சாப்பிடு."

பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து, வாளியைத் திறந்து, சோளரொட்டியையும் பன்றி இறைச்சியையும் பங்குபோட்டுத் தின்றார்கள். பனி ஓடையைவிட்டு எழவில்லை. வெகுநேரம் எதுவும் வரவில்லை. வந்த கார் வேகமாக வந்தது. அவர்களைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, வளைவுவரை போய்விட்டது. அவள் வாளியை மூடினாள். அப்புறம் கார் உறுமிக்கொண்டு பின்னுக்கு வந்தது.

ராய்ஸ் இறங்கவில்லை. ஆர்லிஸின் வேலைச் சட்டையைப் பார்த்தான். முழங்கை ஒட்டைப் பார்த்தான்.

பிடில்காரன் இறங்கி, கித்தார்ப் பெட்டியைக் காரின்மேல் கட்டக் கயிற்றை எடுத்தான்.

"மேல வேணாம். பனி எறங்குது," என்றான் ராய்ஸ். "மடியில வச்சுக்கங்கடா."

ஆர்லிஸ் ஏறினான். பெட்டி மூன்று பேர் முழங்காலுக்கும் குறுக்கே கிடந்தது.

ராய்ஸ் கண்ணாடியை இறக்கி டெல்ஃபாவுக்குத் தொப்பியைத் தொட்டான். பிறகு முன்பக்கம் பார்த்துக்கொண்டே ஆர்லிஸைக் கேட்டான்.

"நீ அந்தப் பாட்டைத்தான் வாசிக்கப் போறேன்னா, ஒண்ணு கேக்கறேன். ரேடியோ அறையில சுவரைத் தவிர யாரும் இருக்க மாட்டாங்க. நீ நிறுத்துற எடத்துல எடுத்துப் பாட ஆளுக்கு எங்கடா போறது?"

"நிறுத்துனா போதும்," என்றான் ஆர்லிஸ். "வீட்டுல இருக்கவங்க பாடிக்குவாங்க."

ராய்ஸ் கியரைப் போட்டான்.